எழுத்து சொல்லித்தராத நேசறிக்கு மாதம் 4,500 ரூபாய் கட்டலாமா?

கட்டலாம் என்பதுதான் என் பதில். ஆனால் எல்லாருக்கும் இது சரிவரும் என்று சொல்லமாட்டேன். ஏன் என்று விரிவாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்பள்ளியின் பெயரைப் போடவில்லை. நடத்துகிற ரீச்சரே வேண்டாம் என்றார். 24 பிள்ளைகளுக்கு மேல் எடுப்பதில்லை, வருகிற தைக்கும் இடம் நிரம்பிவிட்டது, பெயர் வெளியில் போனால் இல்லை இல்லை என்று சொல்லியே வாய் நோகும் என்றார். திருகோணமலை நகரத்துக்குள்தான், மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இருந்து ஓட்டோவில் பத்து நிமிடம் வராது. பெயர் இல்லாமல் மதிப்பீடு எதற்கு என்று கேட்பீர்கள். "விளையாட்டு மூலம் கற்பிக்கிறோம்" என்று இப்போது பல இடங்களில் பலகை தொங்குகிறது, அதில் எதை நம்புவது என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம், அவர்களுக்காகத்தான் இது.

மகளை மூன்று வயதில் முதலில் சேர்த்தது வேறோர் இடத்தில். பலகையில் மொண்டிசோரி என்று பெரிய எழுத்தில் இருந்தது. உள்ளே போனால் வரிசையாகக் கதிரை மேசை, சுவர் முழுக்க ஆங்கில எழுத்து. கண்ணாடி அலுமாரிக்குள் கட்டைகள், மணிகள், மரத்தில் செய்த புதிர்கள் எல்லாம் அழகாக அடுக்கியிருந்தன, சிலதில் பொலித்தீன் உறைகூடக் கழற்றவில்லை. அலுமாரித் திறப்பு ரீச்சரின் கைப்பைக்குள். பிள்ளைகள் அந்த அலுமாரியைப் பார்த்துக்கொண்டே கொப்பியில் 'அ' எழுதுவார்கள், ஒரு பக்கம் முழுக்க, பிறகு வீட்டுக்கும் இன்னொரு பக்கம். மகள் பென்சிலை உலக்கை பிடிக்கிற மாதிரி முஷ்டியால் பிடித்து அழுத்துவாள், தாள் கிழியும், அவள் அழுவாள், பக்கத்தில் இருந்து என் மாமியும் நானும் பல்லைக் கடிப்போம்.

இதில் பிள்ளையின் பிழை ஒன்றும் இல்லை. மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக எலும்பாகி எல்லாம் முடிய ஏறக்குறைய பத்து வயதாகிவிடும். மூன்று விரலால் பென்சிலைப் பிடிக்கிற பிடி பெரும்பாலான பிள்ளைகளுக்கு நாலில் இருந்து ஆறு வயதுக்குள்தான் படிகிறது. அதுவரைக்கும் அந்தக் கைக்கு வேண்டியது பிசைவது, பிழிவது, கிள்ளுவது, தொங்குவது, வாளி தூக்குவது. நம் வீடுகளில் புட்டுக்கு மாக் குழைக்கும்போது பக்கத்தில் குந்தி ஒரு உருண்டையைப் பிசைந்துகொண்டிருக்கிற பிள்ளை செய்கிற வேலை அதுதான்.

மொண்டிசோரி என்ற பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் சின்னப் பிள்ளைகள் போகிற எந்தக் கட்டிடத்துக்கும் அந்தப் பெயரை வைத்துவிடுகிறோம். மரியா மொண்டிசோரி ஒரு வைத்தியர். 1907 இல் ரோமாபுரியில் சான் லொரென்சோ என்ற ஏழைப் பகுதியில் தன் முதல் சிறுவர் இல்லத்தைத் தொடங்கினார். 1939 இல் சென்னை அடையாறுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர், போர் மூண்டதால் இந்தியாவிலேயே சில வருடங்கள் தங்கவேண்டி வந்தது, கொடைக்கானலிலும் இருந்தார். இலங்கைக்கும் வந்து போயிருக்கிறார். அவருடைய முறையில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நோக்கம் உண்டு, அதைக் கையாள ஒரு ஒழுங்கு உண்டு, பிள்ளை தானே எடுத்துத் தானே செய்து தானே திரும்ப வைக்கவேண்டும். பொம்மையைக் குளிப்பாட்டுகிற, கடை வைக்கிற பாவனை விளையாட்டில் அவருக்குப் பெரிய நாட்டம் இருந்ததில்லை. ஆக, விளையாட்டுவழிக் கல்வியும் மொண்டிசோரியும் ஒன்று என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் அவர் இரண்டையும் சரியாகப் பார்க்கவில்லை. அலுமாரியைப் பூட்டி வைப்பது இரண்டிலும் சேராது.

நான் எழுத வந்த முன்பள்ளி மொண்டிசோரி என்று போட்டுக்கொள்வதில்லை. ஏன் என்று ரீச்சரிடம் கேட்டேன். "அவ சொன்ன மாதிரிச் செய்யிறதெண்டா அந்தச் சாமான் முழுக்க வேணும், அதுக்கெண்டு பயிற்சி வேணும். நான் செய்யிறது வேற. பேரை மட்டும் எடுத்துப் போடுறது சரியில்லைத்தானே அம்மா" என்றார். அந்தப் பதிலிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

இடம் பெரிய இடம் இல்லை. பழைய வீடு ஒன்று, முன்னால் ஒரு விறாந்தை, பின்னால் வளவு. வளவில் ஒரு வேம்பு, ஒரு பலா, மூலையில் கடற்கரை மண் கொட்டிய குழி, பீலியடியில் தண்ணீர்த் தொட்டி. கடையில் வாங்கின விளையாட்டுச் சாமான் மிகக் குறைவு. தச்சுப் பட்டறையில் மிஞ்சுகிற பலகைத் துண்டுகளை உரஞ்சி எடுத்து ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறார்கள். அப்புறம் சிரட்டை, சிப்பி, சோகி, ஓலை, நைலோன் கயிறு, பழைய சாரித் துண்டுகள், ஓட்டோ டயர் இரண்டு. இதைப் பார்த்துவிட்டு என் அண்ணி "இதுக்கா 4,500?" என்றாள். நியாயமான கேள்விதான், ஆனால் இப்படிக் கழற்றிப் பூட்டி இடம் மாற்றக்கூடிய சாமான்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குப் பிள்ளையின் யோசனைக்கு வேலை என்று சைமன் நிக்கல்சன் என்கிற கலைஞர் 1971 இலேயே எழுதிவிட்டார். பட்டனை அமுக்கினால் பாட்டுப் படிக்கிற பொம்மை ஒன்றை மட்டும்தான் செய்யும். பலகைத் துண்டு காலையில் போன், மத்தியானம் இடியப்ப உரல். மரக்கட்டை புதுசும் இல்லை. ஜெர்மனியில் பிரெட்றிக் புறோபல் 1837 இல் சின்னப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இடத்தில் பந்தும் கட்டையும்தான் பாடப்புத்தகம்.

காலை 8 மணிக்குத் தொடங்கி 11.30க்கு முடியும். வந்தவுடன் பாயில் வட்டமாக இருக்கிறார்கள், தேவாரம் ஒன்று, பிறகு முஸ்லிம் பிள்ளைகளும் இருப்பதால் அவர்களுடைய துஆவும் ஒன்று, அதற்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளையும் இன்றைக்கு எங்கே என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லவேண்டும். "நான் மண்ணுக்க." அவ்வளவு சொன்னாலும் போதும். அதன்பிறகு ஒன்றரை மணி நேரம் போல அவர்கள் பாடு. கடைசியில் திரும்ப வட்டம், என்ன செய்தாய், நினைத்தது வந்ததா. இந்த ஒழுங்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊரில் 1962 இல் தொடங்கிய பெரி முன்பள்ளித் திட்டத்தில் இருந்து வளர்ந்தது. 123 பிள்ளைகளை எடுத்து, ஒரு பகுதியினரை முன்பள்ளிக்கு அனுப்பி, மற்றவர்களை அனுப்பாமல், நாற்பது வயது வரைக்கும் தொடர்ந்து பார்த்தார்கள். போனவர்களில் பள்ளியை முடித்தவர்கள் அதிகம், உழைப்பு அதிகம், பொலிசில் பிடிபட்டது குறைவு. ஆனால் அந்தப் பிள்ளைகள் எல்லாரும் வறுமையில் இருந்த கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளைகள், ரீச்சர்மார் கிழமைக்கு ஒருமுறை அவர்கள் வீட்டுக்கும் போனார்கள். அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து திருமலையில் வைத்து, பாருங்கள் நிரூபித்துவிட்டார்கள் என்று சொல்ல என்னால் முடியாது. இந்த ரீச்சரும் அப்படிச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

பெற்றோர் விரும்பினால் ஒரு காலை முழுக்க வந்து இருக்கலாம். வாய் திறக்கக்கூடாது என்பது மட்டும் விதி. நான் போனபோது வேம்படியில் மீன் சந்தை நடந்துகொண்டிருந்தது. வாங்கைக் கவிழ்த்துப் போட்டால் வள்ளம். நைலோன் கயிறு கரைவலை, ஏழெட்டுப் பேர் சேர்ந்து இழுக்கிறார்கள், ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கம் நின்று இழுக்கிறாள், கேட்டால் அவள்தான் கடலாம். வேப்பிலை நெத்தலி, பலாவிலை சூரை, வாழையிலைத் துண்டு அறுக்குளா. தகப்பன் கடலுக்குப் போகிற ஒரு பொடியன்தான் விலை சொல்கிற ஆள். என் மகள் எல்லா மீனுக்கும் ஒரே விலை கொடுக்கப் பார்க்க, "சூரையும் அறுக்குளாவும் ஒரு விலையோ, உங்கட வீட்டில மீன் வாங்கிறேல்லையோ" என்று கேட்டான் பாருங்கள், எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. அவள் விடவில்லை. போன கிழமை எண்ணூறுதானே என்று நிற்கிறாள். எண்ணூறு என்றால் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் பேரம் என்றால் என்ன, யார் இறங்கவேண்டும், எப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கவேண்டும் என்பதெல்லாம் தெரிந்திருக்கிறது.

பிறகு நிறுக்கவேண்டும் என்று வந்தது. ஒரு தடியின் இரண்டு நுனியிலும் சிரட்டை கட்டி, மேலே கயிறு போட்டுக் கிளையில் தொங்கவிட்டார்கள். ஒன்றும் போடாமலே ஒரு பக்கம் பதிந்தது. பதிகிற பக்கத்தில் இருந்த பொடியனுக்கு அது நல்ல வசதி, மற்றவர்கள் கத்தத் தொடங்கினார்கள். எனக்குக் கை துருதுருத்தது, கயிற்றை நடுவுக்கு நகர்த்தினால் முடிந்தது விஷயம். ரீச்சர் வந்து பக்கத்தில் குந்தினார். "ஒண்டும் போடாமலே ஏன் இந்தப் பக்கம் பதியுது?" என்று மட்டும் கேட்டார். சிரட்டை பெரிது என்றான் ஒருவன். மாற்றிக் கட்டினார்கள், அப்பவும் பதிந்தது. காற்று என்றாள் ஒருத்தி, அது கச்சான் காற்று அடிக்கிற காலம், வேம்பு முழுக்க ஆடிக்கொண்டிருந்தது, அவளில் பிழையில்லை. காற்று ஓயும்வரை தடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு எதிர்ப்பக்கத்தில் சிப்பி போட்டுச் சமப்படுத்தினார்கள், அது சரிவந்தது, ஆனால் மீன் போட இடம் இல்லாமல் போய்விட்டது. கடைசியில் ஒரு சின்னவன், அதுவரை ஒரு சொல்லும் பேசாதவன், கயிற்றைப் பிடித்து இழுத்து நகர்த்தினான். அரை மணி நேரத்துக்குக் கிட்டப் போயிருக்கும்.

இதற்குப் பிறகு விலைப்பலகை வேண்டும் என்று ஆயிற்று. மீன்காரப் பொடியன் ஓடிவந்து "ரீச்சர், சூ எப்பிடி?" என்றான். அட்டைத் துண்டில் எழுதிக் காட்டினார், அவன் பார்த்து எழுதினான், தலைகீழாக வந்தது, அவர் திருத்தவில்லை, பலகை அப்படியே தொங்கியது. எழுத்து சொல்லித்தருவதில்லை என்று தலைப்பில் போட்டிருக்கிறேன், அது முழு உண்மை இல்லை. கேட்டால் சொல்லித்தருகிறார்கள். கேட்காத பிள்ளையை இருத்தி வைத்துத் தருவதில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனித்தான். பிள்ளைகள் போன பிறகு ரீச்சர் கொப்பி ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பக்கம். அந்தச் சின்னவனின் பக்கத்தில் "கயிற்றை நடுவுக்கு நகர்த்தினார். யாரும் சொல்லவில்லை" என்று இருந்தது. என் மகளின் பக்கத்தில் "பேரம் பேசுகிறார், நூறுக்கு மேல் எண்களின் பெயர் தெரியும், அளவு தெரியாது" என்று. அடுத்த நாள் போனால் வேம்படியில் ஒரு உண்மையான தராசும் படிக்கல்லும் இருந்ததாம், யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை, சும்மா இருந்தது. பக்கத்தில் பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குக் கட்டுகள். பிள்ளை போகிற வழியில் விடுவது என்பது இந்தக் கொப்பியும் அடுத்த நாள் தராசும் இருந்தால்தான் கல்வி. கொப்பி இல்லாமல், சறுக்கி ஒன்றையும் ஊஞ்சல் ஒன்றையும் வைத்துவிட்டு ரீச்சர் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற இடங்களுக்கும் "விளையாட்டு மூலம் கற்றல்" என்றுதான் பெயர், அங்கே கட்டுகிற காசு பிள்ளையைக் காவல் பார்க்கிற கூலி மட்டும். ஆகவே எங்கே போய்ப் பார்த்தாலும் சாமானைப் பார்க்காதீர்கள், என் பிள்ளையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறீர்களா, காட்டுங்கள் என்று கேளுங்கள். "எல்லாம் நல்லாச் செய்யிறா" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மான் கதையையும் சொல்லவேண்டும். நம் ஊரில் மான் எங்கேயும் வரும், பஸ் நிலையத்தடியில் குப்பை கிளறுகிற புள்ளிமானைப் பார்த்து வெளியூர்க்காரர் போன் தூக்குவார்கள், நாங்கள் மாட்டைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு போவோம். ஒருநாள் படலை திறந்திருக்க இரண்டு உள்ளே வந்துவிட்டன. அன்றைக்கு இருந்த மற்ற எல்லா விளையாட்டும் நின்றுபோனது. ஒன்றுக்குக் கொம்பு, மற்றதற்கு இல்லை. சின்னது என்றபடியால் இன்னும் முளைக்கவில்லை என்று ஒரு கட்சி, அது அம்மா மான் என்று இன்னொரு கட்சி. ரீச்சர் தீர்ப்புச் சொல்லாமல் பெற்றோர் சிலரையும் சேர்த்துக்கொண்டு பிள்ளைகளைக் கோட்டை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார், அங்கே எப்போதும் கூட்டமாக நிற்கும். குட்டியோடு நிற்கிற ஒன்றுக்கும் கொம்பு இல்லை என்று பார்த்தார்கள். பெரிய கிடா மான் ஒன்று கொம்பே இல்லாமல் நிற்க, திரும்பவும் குழப்பம். ஆண் மானுக்குக் கொம்பு விழுந்து விழுந்து முளைக்கும் என்பதை அப்போதுதான் ரீச்சர் சொன்னார், அதுவும் பிள்ளைகளுக்கு வேறு வழியில்லாமல் போன பிறகு. எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். ஒரு மான் பொலித்தீன் பையைச் சப்பிக்கொண்டு நின்றதையும் பார்த்துவிட்டார்கள், அதற்குப் பிறகு வீட்டில் பாண் பையைக் கண்ட இடத்தில் போட முடியாது, மகள் பொலிஸ்காரி.

சரி, குறைகளுக்கு வருவோம்.

மாரியில் இந்த இடம் பாதி இடம்தான். ஐப்பசி பிறந்தால் வளவில் தண்ணீர் நிற்கும், மண்குழி குளமாகிவிடும், 24 பிள்ளைகளும் விறாந்தைக்குள்ளும் ஒரு அறைக்குள்ளும். இரைச்சல் தாங்காது, இரண்டு பிள்ளைகள் தள்ளுப்பட்டால் நாலு பேர் விழுவார்கள். அந்த நாட்களில் ரீச்சர்மாருக்கும் யோசனை வற்றிவிடுகிறது, களிமண், நிறம், திரும்பக் களிமண். விளையாட்டை இவ்வளவு தூரம் வளவை நம்பி வைத்திருக்கிறவர்கள் மழைக்கு ஒரு திட்டம் வைத்திருக்கவேண்டும், நம் ஊரில் வாடைக்காற்றும் மழையும் வராமல் போகிற வருடமா இருக்கிறது?

மலசலகூடம் ஒன்றே ஒன்று. 24 பேருக்கு ஒன்று. சுத்தமாக இருக்கிறது, ஆனால் ஒன்று. சொல்லியிருக்கிறோம், செய்வோம் என்கிறார்கள்.

மகள் சேர்ந்த புதிதில் யாரோடும் சேராமல் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்குப் பயமாக இருந்தது. பார்த்துக்கொண்டு நிற்பதும் ஒரு விளையாட்டுத்தான் என்றார் ரீச்சர். அது சமாளிப்பு இல்லை. மில்ட்ரெட் பார்ட்டன் என்கிற அமெரிக்க ஆய்வாளர் 1932 இலேயே பிள்ளைகள் விளையாட்டில் சேர்கிற விதங்களை வகைப்படுத்தினார், தள்ளி நின்று பார்ப்பது, தனியாக விளையாடுவது, பக்கத்தில் இருந்து வேறு வேறாக விளையாடுவது, பிறகு சேர்ந்து விளையாடுவது என்று. மகள் தானாகத்தான் வலைக் கயிற்றைப் பிடித்தாள். ஆனால் அதே வளவில் ஒரு பொடியன் போகிற நாளெல்லாம் டயர் மட்டும்தான் உருட்டுகிறான், நான் பார்த்த நாட்களில் அவன் வேறு ஒன்றும் தொடவில்லை. வட்டத்தில் கேட்டால் "டயர்" என்று சொல்வான், செய்வான், "டயர்" என்று சொல்வான். அங்கே கொஞ்சம் தள்ளிவிடலாம் என்பது என் எண்ணம். டயருக்கு ஒரு பாதை போட்டுக் கொடுக்கலாம், மேடு வைக்கலாம், பிள்ளை போகிற வழியில் விடுகிறோம் என்று அவனை அதே வழியில் விட்டுவிட்டார்களோ என்று எனக்கு ஒரு நெருடல் உண்டு. கட்டைப் பெட்டியைப் பொடியன்மார் பிடித்துவைத்துக்கொள்வதும் நடக்கிறது, ரீச்சர் கவனித்தால் பெண் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும், கவனிக்காத நாளில் இல்லை.

ஆங்கிலம் மிகக் குறைவு, இரண்டு மூன்று பாட்டோடு சரி. எனக்கு அது குறை இல்லை, சொந்த மொழியில் வாய் நிறையப் பேசுகிற பிள்ளைக்கு மற்றது வரும். ஆனால் மூன்று மொழியும் புழங்குகிற இந்த ஊரில் கொஞ்சம் சிங்களமாவது காதில் விழுந்திருக்கலாம், அயலில் ஒரு சிங்களப் பிள்ளைகூட இதில் இல்லை.

கலைவிழா இல்லை. இது சிலருக்குப் பெரிய குறை. பட்டமளிப்புத் தொப்பி இல்லை, மேடையில் பரதம் இல்லை, முகத்துக்கு ரூஜ் இல்லை. நான்கு வயதுப் பிள்ளைக்குக் கறுப்பு அங்கி போட்டு வியர்க்க வியர்க்கப் படம் எடுக்கிற சடங்கு எனக்கு எப்பவும் பிடித்ததில்லை, ஆகவே என் கணக்கில் இது லாபம். விளையாட்டுப் போட்டியும் இல்லை, தவணைக் கடைசியில் பெற்றோரையும் சேர்த்துக் கடற்கரையில் ஒரு காலை, அங்கே தகப்பன்மார் கிளித்தட்டு விளையாடி மூச்சு வாங்கி இருந்ததுதான் நிகழ்ச்சி.

உடுப்பு. சேறு, சாயம், வேப்பம்பால், பலாப்பால். பலாப்பால் போகாது. நல்ல உடுப்புப் போட்டு அனுப்பாதீர்கள், சொல்லிவிட்டேன்.

இனி எல்லாரும் கேட்கிற கேள்வி, முதலாம் ஆண்டுக்குப் போய் என்ன செய்யும். மாமி இதை விடவே மாட்டா. "விஜயதசமிக்கு ஏடு துவக்கின பிள்ளை இன்னும் அ எழுதேல்ல" என்று வருகிற போகிற ஆட்களிடமெல்லாம் முறைப்பாடு. மாமிக்கு நான் சொன்ன பதிலையே இங்கேயும் எழுதுகிறேன். அரசாங்கப் பாடசாலையில் தரம் ஒன்றுக்குச் சேர்க்கிற நேர்முகத்தில் பிள்ளையிடம் ஏ பி சி டி கேட்கப்போவதில்லை. கேட்பது உங்களிடம். வாக்காளர் இடாப்பில் பெயர், வீட்டு உறுதி, மின்சார பில், நீங்கள் பழைய மாணவரா, மூத்த பிள்ளை அங்கே படிக்கிறதா. புள்ளி அதற்குத்தான். பிள்ளை மூன்று வயதில் கொப்பி நிரப்பினால் பாடசாலைக்கும் உங்கள் வீட்டுக்கும் உள்ள தூரம் ஒரு முழம்கூடக் குறையாது.

சேர்ந்த பிறகு? அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1999 இல் நாடு முழுவதும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தில் கற்பிக்கிற விதத்தை மூன்றாகப் பிரித்தார்கள், விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை. முதல் இரண்டு ஆண்டுகளில் முக்கிய இடம் விளையாட்டுக்கு, மேசை வேலை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடவேண்டும். அதாவது ஆறு வயதுப் பிள்ளைக்கே அரசாங்கம் விளையாட்டை எழுதி வைத்திருக்கிறது, நாங்கள் மூன்று வயதுப் பிள்ளையை மேசையில் இருத்துகிறோம். நடைமுறையில் எல்லா வகுப்பிலும் அப்படி நடக்கிறதா என்றால், நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு ரீச்சர் என்ன செய்வார், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலின் நிழல் முதலாம் ஆண்டிலேயே விழுந்துவிடுகிறது. அதனால் இங்கே படித்த பிள்ளைகள் அங்கே முதல் தவணையில் கொஞ்சம் திணறுவது உண்மை. எங்கள் ஒழுங்கையில் போன வருடம் போன ஒரு பிள்ளையின் தாய் சொன்னா, எழுதுவதில் பின்னுக்கு நின்றானாம், இரண்டாம் தவணையில் சரியாகிவிட்டதாம், ஆனால் இருக்கையில் இருக்கச் சொன்னால் ஏன் என்று கேட்கிறானாம். அந்த "ஏன்" உங்களுக்குத் தொல்லை என்று தோன்றினால் இந்த முன்பள்ளி வேண்டாம். முன்பள்ளியும் கடைசித் தவணையிலாவது கொப்பி பிடிக்க, வரிசையில் நிற்க என்று ஒரு பாலம் போட்டுக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்பது என் கேள்வி. கேட்டேன், யோசிப்பதாகச் சொன்னார்.

காசு விவரம். சேரும்போது 10,000, மாதம் 4,500, சாப்பாடு வீட்டில் இருந்து. பிஸ்கட், சிப்ஸ் கொண்டுபோகக் கூடாது, பயறு, கடலை, ரொட்டி, பழம் சரி. நகரத்தில் இதைவிட மலிவாகவும் இருக்கிறது, கூடவும் இருக்கிறது. கிழக்கு மாகாணத்தில் பாலர் பாடசாலைகளைக் கவனிக்கத் தனியாக ஒரு கல்விப் பணியகமே இருக்கிறது, நீங்கள் பார்க்கிற இடம் அதில் பதிந்திருக்கிறதா என்பதைக் கேட்டுவிட்டுக் காசைக் கட்டுங்கள், இது எந்த முன்பள்ளிக்கும் பொருந்தும். மூன்று ரீச்சர்மார் இருந்தார்கள், அதில் ஒருவர் இந்த வருடம் கடை வேலைக்குப் போய்விட்டார், சம்பளம் அங்கே கூட. நல்ல பிள்ளை, பாட்டும் கதையும் அவவிடம்தான். முன்பள்ளி ரீச்சர்மாருக்கு எங்கும் கிடைப்பது சொற்பம், அதைத் தெரிந்துகொண்டுதான் நாங்கள் எல்லாரும் கட்டணம் அதிகம் என்று முணுமுணுக்கிறோம்.

என் கணவருக்கும் எனக்கும் வேலை, 11.30க்குப் பிள்ளையை எடுப்பதுதான் பெரும்பாடு. மத்தியானம் வரை வைத்திருக்க முடியுமா என்று பல பெற்றோர் கேட்டுவிட்டோம், முடியாது என்பதில் ரீச்சர் உறுதியாக இருக்கிறார், பிள்ளையும் களைத்துவிடும் தாங்களும் களைத்துவிடுவோம் என்கிறார், அதற்குப் பிறகுதான் அந்தக் கொப்பி எழுதவேண்டுமாம். இப்போது நான்கு பிள்ளைகளுக்குச் சேர்த்து ஒரு ஓட்டோ பிடித்திருக்கிறோம், ஆளுக்கு 3,000. உவர்மலை, பாலையூற்றுப் பக்கம் இருப்பவர்களில் இங்கே ஏற்கனவே இடம் கிடைத்தவர்கள் யாராவது இருந்தால் அதில் இன்னும் ஒரு பிள்ளைக்கு இடம் இருக்கிறது.